தாரை உருக்குறது வெயிலு, ரோட்டை உடைக்கிறது தண்ணி

அக்னி நட்சத்திரம் முடிஞ்சும் எங்க பக்கம் சூடு இறங்கலைங்க. சிறுமலையைப் பார்த்தா பச்சையாத் தெரியுது, ஆனா கீழ சமவெளியில அனல்தான். சின்னாளபட்டி கடைவீதியில டூவீலருக்குச் சைடு ஸ்டாண்டு போட்டா, அது தாருக்குள்ள இறங்கி வண்டி சாயுது. கடைக்காரங்க வாசல்ல ஒரு தட்டைக் கல்லு வச்சிருக்காங்க, ஸ்டாண்டுக்கு அடியில வைக்கிறதுக்கு. செருப்புல தார் ஒட்டுது. அதைப் பார்த்துட்டு எல்லாரும் சொல்றது ஒண்ணுதான்: "இந்த வெயிலுக்கு எந்த ரோடுங்க நிக்கும்?"

இந்தப் பேச்சைத்தான் இன்னிக்கு எழுதலாம்னு உக்கார்ந்தேன். எங்க தோட்டத்து ரோடு ஆறு வருஷத்துல குண்டும் குழியுமாப் போச்சு. அது வெயிலால போகலைங்கிறது எனக்கு இந்தக் கோடையிலதான் தெளிவாப் புரிஞ்சது.

காந்திகிராமத்துக்குப் பக்கத்துலதான் எங்க ஊரு. ஊர்ல இருந்து தோட்டங்களுக்குப் போற தடம் அரைக் கிலோமீட்டர் இருக்கும், அகலம் பத்தடி. ஒன்பது குடும்பம் அதை நம்பி இருக்கு. முன்னாடி செம்மண் தடம். மழை பேஞ்சா மாட்டு வண்டி அச்சு வரைக்கும் இறங்கிரும். மல்லிகை போட்டவங்களுக்குத்தான் அதோட அருமை தெரியும். மொட்டை விடியறதுக்கு முன்னாடி பறிச்சு, விரியறதுக்குள்ள மார்க்கெட்டுக்குக் கொண்டு போகணும். நேரம் ஆக ஆக விலை இறங்கும். சேத்துல டிவிஎஸ் 50 போகாம, பூக்கூடையைத் தலையில சுமந்து மெயின் ரோட்டுக்குப் போன நாள் எத்தனையோ. தார் போட்ட பிறகு அந்தக் கஷ்டம் இல்ல. போன வருஷம் கடைசித் தோட்டத்து அத்தைக்கு ராத்திரி நெஞ்சுவலி வந்தப்ப, 108 வண்டி களத்து வரைக்கும் வந்துச்சு. அத்தை இன்னிக்கும் வெத்தலை போட்டுக்கிட்டு எல்லாரையும் திட்டிக்கிட்டு நல்லா இருக்காங்க. ஒரு ரோடு எங்களுக்கு என்னன்னு கேட்டா, இதைத்தான் சொல்வேன்.

எங்க மச்சான், அதாவது வீட்டுக்காரியோட அண்ணன், சவூதியில பன்னெண்டு வருஷம் ரோடு வேலை பார்த்துட்டு வந்தவரு. தமாம் பக்கம் பாலைவனத்துல தார் போடுற கூட்டத்துல இருந்தவரு. அவரு எங்க ரோட்டைப் பார்த்துட்டுச் சிரிச்சாரு. "மாப்ள, அங்க நாப்பத்தெட்டு டிகிரி அடிக்கும். நம்ம வெயிலெல்லாம் அதுக்கு முன்னாடி ஒண்ணுமே இல்ல. அங்க ரோடு நிக்குதுல்ல?"

அவர் சொன்னதையும், நான் அங்க இங்க கேட்டுப் படிச்சதையும் சேர்த்துச் சொல்றேன். நாம தார்னு சொல்றது கச்சா எண்ணெயில இருந்து பெட்ரோல், டீசல் எல்லாம் எடுத்த பிறகு கடைசியில மிஞ்சுற பிட்டுமன். இதுல கெட்டித்தன்மையைப் பொறுத்து ரகம் இருக்கு. குளிர்ப் பகுதிக்கு விஜி 10, நம்ம மாதிரி ஊருக்குப் பெரும்பாலும் விஜி 30, ரொம்பச் சூடும் கனரக வண்டியும் உள்ள இடத்துக்கு விஜி 40. விஜி 30 தார் குறைஞ்சது 47 டிகிரி வரைக்கும் இளகாம இருக்கணும்னு இந்தியத் தர விதி சொல்லுது. ஆனா சித்திரை வெயில்ல கருப்பு ரோட்டோட மேல்பரப்பு 60 டிகிரியைத் தாண்டும். அப்ப தார் இளகத்தான் செய்யும். இளகினாலும் ரோடு ஏன் ஓடிப் போகல? கல்லுதான் காரணம். பெருஜல்லி, சின்ன ஜல்லி, பொடின்னு அளவாக் கலந்து நல்லா உருட்டினா, கல்லோட கல்லு பல்லு மாதிரிக் கோத்துக்கிட்டு நிக்கும். பாரத்தைச் சுமக்கிறது கல்லு, கல்லைப் பிடிச்சு வச்சிருக்கிறது தார். ஒரே இடத்துல நாள் கணக்கா லாரி நின்னாப் பள்ளம் விழும்.

வெயிலு செய்யிற கெடுதல் வேற மாதிரி. வருஷக்கணக்கா வெயிலும் காத்தும் பட்டா, தார்ல இருக்கிற எண்ணெய்ப்பசை போயிரும். கருப்பு வெளுத்துச் சாம்பலாகும். நெகிழ்வு போயி, முறுக்கு மாதிரி உடையும். தலைமுடி மாதிரி விரிசல் விடும். பாலைவனத்துல நடக்கிறதும் இதுதான். அந்த விரிசலை அங்க உடனே அடைப்பாங்களாம். மணலை ஊதித் தள்ளிட்டு, சூடான தாரை விரிசலுக்குள்ள ஊத்தி, மேல பொடி தூவி விடுவாங்க. நாலஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை முழுசா மெல்லிசா ஒரு பூச்சும் பூசுவாங்க. "வேலை அவ்வளவுதான் மாப்ள. ஆனா விட்டா அவ்வளவும் போச்சு"ன்னாரு.

நம்ம ஊர்ல அந்த விரிசலை யாரும் கண்டுக்கிறதில்ல. ஐப்பசி அடைமழை வந்ததும் அதுக்குள்ள தண்ணி இறங்குது. தாருக்கு அடியில இருக்கிற கப்பியும் கிராவலும் ஊறிப் போகுது. ஊறின தரைமேல தேங்கா லோடு டிராக்டர் போனா, மேல இருக்கிற மெல்லிசுத் தார் அப்பளம் மாதிரி நொறுங்குது. ஒரு கை அகலம் பேந்து வந்தாப் போதும், அடுத்த மழையில அது முறம் அளவு, அதுக்கடுத்த மழையில தொட்டி. வெயிலு விரிசலைத் திறந்து விடுது, உடைச்சுப் போடுறது தண்ணிதான்.

அதனாலதான் ரோட்டுக்கு நடு முதுகு உயரமா இருக்கணும். பத்தடி ரோட்டுக்கு ஓரத்தை விட நடு நாலு செ.மீ. மேல இருந்தாப் போதும், தண்ணி ரெண்டு பக்கமும் வழிஞ்சிரும். வழிஞ்ச தண்ணி போக ஓரத்துல வாய்க்கால் இருக்கணும். எங்க ரோட்டுல வாய்க்கால் இருந்துச்சு. ஆனா எல்லாப் பள்ளமும் ஒரே இடத்துலதான் ஆரம்பிச்சிருந்தது, எங்க பெரியப்பா தோட்டத்து வாசல்ல. தேங்கா ஏத்துற வண்டி உள்ள போறதுக்காக வாய்க்காலைப் பன்னெண்டு அடிக்கு மண்ணைக் கொட்டி மூடியிருந்தாரு. மேல இருந்து வர்ற தண்ணி அங்க முட்டி, ரோட்டுல ஏறி நிக்கும்.

இதை எல்லாரும் பார்த்ததுதான், சொல்றதுக்குத்தான் ஆள் இல்ல. எங்க அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் கிணத்துப் பங்குல பேச்சு நின்னு பதினோரு வருஷம் ஆச்சு. அப்பா போன பிறகுதான் நாங்க நல்லது கெட்டதுக்குப் போய் வர ஆரம்பிச்சிருக்கோம். இப்பப் போயி வாய்க்காலைப் பேசினா, "அப்பன் விட்ட இடத்துல மகன் பிடிச்சான்"னு ஆயிரும். எங்கம்மா வேணாம்னே சொன்னாங்க.

நானும் மச்சானும் போனோம்.

"பெரியப்பா, வண்டிக்குப் பாதை வேணும்தான். அடியில ஒரு பைப்பப் போட்டு மூடியிருந்தா தண்ணி போயிருக்கும்ல?"

"ஏன்டா, வருஷத்துக்கு நாலு மழை. அதுக்குப் பைப்பு வாங்கிப் புதைக்கச் சொல்றியா? ரோடு போட்டவன் ஒழுங்காப் போடல, அவனைப் போயிக் கேளு."

அவர் சொன்னதும் பொய்யில்ல. ரோடு போட்டவங்க ஓரத்தைச் சரியா உருட்டல. போன வருஷம் ஒட்டுப் போட வந்தவங்க, பள்ளத்துல கிடந்த தூசியைக்கூடக் கூட்டாம, ஈரத்து மேலயே தார்ஜல்லியைக் கொட்டிட்டு மம்பட்டியால தட்டிட்டுப் போனாங்க. அது ஒரு மாசம் நிக்கல.

மச்சான் வாக்குவாதம் பண்ணல. "மாமா, ரெண்டு குடம் தண்ணி குடுங்க"ன்னாரு. கொண்டு போயி ரோட்டு நடுவுல மெதுவா ஊத்தினாரு. தண்ணி ஓரத்துக்கு ஓடி, வாய்க்கால்ல இறங்கி, மண்ணு மேட்டுல முட்டி, திரும்பி ரோட்டுக்கே வந்து பள்ளத்துல போயி நின்னுச்சு. பெரியப்பா கட்டில்ல இருந்து எந்திரிச்சு வந்து பார்த்தாரு. ஒண்ணும் பேசல. "காபி குடிச்சிட்டுப் போங்க"ன்னாரு.

நாலு நாள் கழிச்சு போன் வந்துச்சு. "அந்தப் பைப்பு எத்தனை அங்குலம்டா போடணும்?" ஒன்பது வீடும் சேர்ந்து காசு போடறோம்னு சொன்னதுக்கு, "எவன் காசும் வேணாம்"னு வச்சிட்டாரு. ரெண்டு சிமெண்ட் உருளைக் குழாய் இப்ப அந்த வாசலுக்கு அடியில இருக்கு. மீதி வாய்க்காலை ஒரு ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு ஒரு ஆள்னு எல்லாரும் மம்பட்டி எடுத்துத் தூர் வாரினோம். 1947ல டாக்டர் சௌந்தரம் அம்மாவும் ஜி.ராமச்சந்திரனும் காந்திகிராமத்தை ஆரம்பிச்ச மண்ணு இது. சிரமதானம்ங்கிற வார்த்தையை எங்க பாட்டிமாருக்குக்கூட யாரும் விளக்க வேண்டியதில்ல.

பிறகுதான் பள்ளத்துக்கு வந்தோம். மச்சான் சொல்லிக் கொடுத்த முறையை எழுதுறேன், உங்க வீட்டு வாசலுக்கோ தோட்டத்துத் தடத்துக்கோ உதவும்.

பள்ளம் எந்த வடிவத்துல இருந்தாலும், சுத்தி நல்ல தார் இருக்கிற இடம் வரைக்கும் சதுரமா வெட்டணும். ஓரம் நேரா, செங்குத்தா இருக்கணும். அடியில சேறா இருந்தா அதை அள்ளிட்டு ஜல்லி போட்டு இடிக்கணும். தூசி துளி இல்லாமக் கூட்டணும், காயவும் விடணும். அடியிலயும் நாலு பக்கச் சுவத்துலயும் எமல்ஷன் தாரை மெல்லிசாப் பூசணும். இதுதான் பழசும் புதுசும் ஒட்டுறதுக்குப் பசை. அப்புறம் கலவையை ஒரே தடவையாக் கொட்டாம, ரெண்டு மூணு அங்குலமாப் போட்டுப் போட்டு இடிக்கணும். கடைசியில சுத்தி இருக்கிற ரோட்டை விட ஒரு சுண்டுவிரல் உயரம் மேல நிக்கணும். வண்டி ஓட ஓட அது சமமாயிரும். தார் காய்ச்ச வசதி இல்லாதவங்களுக்கு, சூடு பண்ணாமலே போடுற கலவை மூட்டையாக் கிடைக்குது. விலை கூடத்தான், ஆனா சின்னப் பள்ளத்துக்குப் போதும். செம்மண்ணைக் கொட்டி மூடுறது மட்டும் வேண்டாம். வெயில்ல புழுதி, மழையில சேறு, அடியில ஈரத்தைப் பிடிச்சு வச்சு இருக்கிறதையும் கெடுக்கும்.

இன்னும் ரெண்டு சம்சாரி விஷயம். கேஜ் வீலைக் கழட்டாம டிராக்டரைத் தார் ரோட்டுல ஓட்டாதீங்க, இரும்புப் பட்டை கொத்தின மாதிரிக் கொத்திரும். டீசல் ஒழுகுற வண்டியை ரோட்டுல நிறுத்தாதீங்க. தாரும் டீசலும் ஒரு தாய் வயித்துப் பிள்ளைங்க, டீசல் பட்டா தார் கரைஞ்சு கல்லை விட்டிரும்.

பெரிய ரோடு போடறப்ப கேட்க வேண்டிய சங்கதியும் இருக்கு. நம்ம மதுரை தியாகராஜர் பொறியியல் கல்லூரி வேதியியல் பேராசிரியர் ராஜகோபாலன் வாசுதேவன், கேரிப்பையைத் துண்டு துண்டா வெட்டி ரோடு போடற வழியைக் கண்டுபிடிச்சாரு. ஜல்லியை 160, 170 டிகிரிக்குச் சூடாக்கி அதுமேல பிளாஸ்டிக்கைத் தூவினா, உருகிக் கல்லைச் சுத்தித் தோல் மாதிரிப் பிடிச்சுக்கும். அதுக்கு மேல தார். கல்லுக்கும் தாருக்கும் நடுவுல தண்ணி நுழைய வழி குறையுது, தார்லயும் பத்துல ஒரு பங்கு வரைக்கும் மிச்சம். 2018ல அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தாங்க. வாய்க்காலை அடைக்கிற அதே கேரிப்பை ரோட்டையும் காப்பாத்துதுங்கிறது நல்ல கணக்குதான்.

அப்புறம், பழைய ரோட்டைச் சுரண்டாம மேல மேல தார் போட விடாதீங்க. ரோடு ஏறும், வீட்டு வாசல் பள்ளமாகும், மழைத் தண்ணி திண்ணைக்கு வரும். பிரதமர் கிராமச் சாலைத் திட்டத்துல போட்ட ரோடா இருந்தா, அஞ்சு வருஷத்துக்குப் பராமரிப்பும் ஒப்பந்தக்காரர் பொறுப்புதான். ஓரத்துல நிக்கிற பலகையில முடிஞ்ச தேதி இருக்கும், போயிப் பாருங்க. எங்க தடம் அந்தத் திட்டத்துல இல்ல. அதனால ஆகஸ்ட் 15 கிராம சபையில, குழாய் பதிக்க ரோட்டை வெட்டுறவங்க அதே முறையில மூடிக் கொடுக்கணும்னு தீர்மானம் கேட்கப் போறோம். பெரியப்பாவும் வர்றேன்னு சொல்லியிருக்காரு.

ஏழு பள்ளம் அடைச்சிருக்கோம். அஞ்சு நல்லா இருக்கு. பெரியப்பா வாசல்ல உள்ள ரெண்டும் ஓரத்துல லேசா அமுங்குது, அடித்தரை இன்னும் முழுசாக் காயலை போல. ஐப்பசி மழை அடிச்சாத்தான் எது நிக்கும்னு தெரியும். அதுவரைக்கும் உங்க தடத்துல வாய்க்கால் எங்க அடைச்சிருக்குன்னு ஒரு நடை போயிப் பாருங்க. ரெண்டு குடம் தண்ணி போதும்.