குகை வெளுக்கும்

2020 லாக்டவுனில், கல்லூரியில் ஒன்றாகப் படித்த நாங்கள் ஐந்து பேர் ஞாயிறு இரவுகளில் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட ஆரம்பித்தோம். தெரியாதவர்களுக்காக: இது பேசியே ஆடும் ஆட்டம். ஒருவர் கதைசொல்லி, அவரை டிஎம் என்போம். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம். "இருட்டுல ஏதோ அசையுது, என்ன பண்றீங்க?" என்று டிஎம் கேட்பான். நாம் சொல்ல வேண்டும். சொன்னது நடக்குமா என்பதை இருபது முகம் கொண்ட டைஸ் தீர்மானிக்கும். மூன்று நாடுகளில் உட்கார்ந்துகொண்டு, ஹெட்செட் மாட்டிக்கொண்டு, முப்பதைத் தாண்டிய ஆண்கள் "நான் அந்தக் காளானோட கையைப் பிடிச்சுக்கறேன்" என்று சீரியஸாகச் சொல்லிக்கொண்டிருந்தோம். என் மனைவி ஒருநாள் கதவருகே நின்று கேட்டுவிட்டு ஒன்றும் சொல்லாமல் போய்விட்டாள்.

காளானுக்குக் கை உண்டு. நாங்கள் எடுத்துக்கொண்டது 2015இல் வந்த 'அவுட் ஆஃப் த அபிஸ்' என்ற கதை. அதன் பெரும்பகுதி அண்டர்டார்க்கில் நடக்கிறது. கண்டத்துக்கு அடியில் மைல் கணக்கில் பரவிக் கிடக்கும் குகைகள், ஏரிகள், ஆறுகள், நகரங்கள். கேரி கைகாக்ஸ் 1978இல் வெளியிட்ட சாகசப் புத்தகங்களில் இந்த இடம் உருவாகத் தொடங்கியது. அண்டர்டார்க் என்ற பெயர் 1986இல் டக்ளஸ் நைல்ஸ் எழுதிய புத்தகத்தில் வந்தது. அதற்குப் பிறகு எத்தனையோ பேர் ஆளுக்கொரு அறை கட்டிவிட்டார்கள். பழைய கோட்பேஸ் மாதிரிதான். யார் எதை ஏன் சேர்த்தார்கள் என்று கேட்க முடியாது, ஆனால் ஓடும்.

கதை ஒரு சிறையில் தொடங்கும். கூட இருக்கும் கைதிகளில் ஸ்டூல் என்று ஒரு காளான் குழந்தை. மைகோனிட் இனம். வாய் கிடையாது. வித்துத் தூளை நம் முகத்தில் ஊதும், அதன்பிறகு அது நினைப்பது நமக்குக் கேட்கும், நாம் நினைப்பது அதற்குக் கேட்கும். கேட்டவுடன் எங்கள் ஐந்து பேருக்கும் அதைத் தத்தெடுத்துக்கொள்ளத் தோன்றியது. கூவோ-டோவா என்ற மீன் மனிதர்கள் வேறு. அவர்கள் கூட்டாக ஒன்றைக் கும்பிட்டுக்கொண்டே இருந்தால், இல்லாத சாமிகூட நிஜமாக வந்துவிடும். ஹூக் ஹாரர் என்ற மிருகம் தன் கொக்கிக் கைகளைப் பாறையில் தட்டித் தட்டித் தன் இனத்தோடு பேசும்.

எனக்கு மிகப் பிடித்தது ஒரு கடிகாரம். மென்ஸோபெரான்ஸன் என்ற நகரத்தில் நார்பொண்டெல் என்று ஒரு கல்தூண் இருக்கிறது. சூரியன் இல்லாத ஊரில் நேரம் எப்படிப் பார்ப்பது? தினமும் நள்ளிரவில் நகரத்தின் தலைமை மந்திரவாதி வந்து தூணின் அடியில் நெருப்பு மந்திரத்தைச் செலுத்துவான். சூடு மெல்ல மெல்ல மேலே ஏறும். அந்த மக்களின் கண்ணுக்குச் சூடு தெரியும் என்பதால், சிவப்பு எங்கே ஏறியிருக்கிறது என்று பார்த்து மணி சொல்வார்கள். உச்சிக்குப் போய் ஆறிவிட்டால் அந்த நாள் முடிந்தது. ஆர். ஏ. சால்வடோரின் நாவலில் இதைப் படித்த அன்று, புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

அந்த நகரத்தில் வாழ்பவர்கள் டிரௌ. இருட்டு எல்ஃப்கள். முதல் நாள் பாத்திரம் உருவாக்கும்போது நானும் டிரௌவைத்தான் எடுத்தேன். காரணம் சுத்தமாகக் கணக்குதான். மற்ற எல்ஃப்களுக்கு இருட்டில் 60 அடி கண் தெரியும், டிரௌவுக்கு 120. பாதாளத்தில் ஆடப்போகிறோம், வேறென்ன வேண்டும்? பெயர் காரி. கடையெழு வள்ளல்களில் ஒருவன். (கலிஃபோர்னியாவில் இருப்பவன் முதல் மாதம் முழுக்க 'கர்ரி' என்றே கூப்பிட்டான். நம் ஊர்க்காரன்தான்.)

வர்ணனையை வாசித்துக் காட்ட வேண்டும். 2014 விதிப்புத்தகத்தில் போட்டிருப்பதுபோல, மெருகேற்றிய எரிமலைக் கண்ணாடி போன்ற கறுத்த தோல், வெள்ளை முடி என்றெல்லாம் நான் வாசித்து முடிக்கவில்லை. ஒருவன் மியூட்டை எடுத்தான்.

"மச்சான், உனக்கு இதுக்கு மேக்கப்பே வேணாம்டா."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அப்படிச் சிரிப்பது எனக்குப் பழக்கம். ஐந்தாம் வகுப்பு ஆண்டுவிழாவில் இளவரசன் வேஷம் போட்டபோது, மேக்கப் போட வந்தவர் என் கன்னத்தை இரண்டு விரலால் திருப்பிப் பார்த்துவிட்டு, "இவனுக்கு ரெண்டு கோட்டு போடணும் டீச்சர்" என்றார். அப்போதும் சிரித்தேன் என்று அம்மா சொல்வாள்.

சொன்னவன் நல்லவன். நான் வேலை இல்லாமல் இருந்தபோது கேட்காமலே பணம் அனுப்பியவன். அதனால்தான் அதைப் பற்றி அவனிடம் பேச முடியவில்லை. அதற்குப் பதில் நான் குகைகளைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். எஞ்சினியர்களின் வழி இது. மனசு சங்கடப்பட்டால் டாக்குமென்டேஷனைத் திறப்போம்.

ஆரம்பித்தது ஒரு எளிய கேள்வியில். அண்டர்டார்க்கில் எல்லோரும் என்ன சாப்பிடுகிறார்கள்? மென்ஸோபெரான்ஸனில் ஏரி நடுவே ஒரு தீவில் ரோத்தே என்ற மாடுகளை வளர்க்கிறார்கள். மாடு பாசியும் காளானும் தின்னும். சரி, காளான் எதைத் தின்னும்? காளான் செடி இல்லை, தன் உணவைத் தானே சமைக்காது. செத்ததையும் சாணத்தையும் தின்று வளரும். சுற்றிச் சுற்றி வந்தால் உள்ளே புதிதாகச் சக்தி வரும் வழி எங்கும் இல்லை. எழுதியவர்களுக்கும் இது உறுத்தியிருக்கிறது. ஃபேர்ஸ்ரெஸ் என்று ஒரு மந்திரக் கதிர்வீச்சைப் பாறைக்குள் வைத்தார்கள். சஸ்ஸர் என்று மந்திரத்தை உறிஞ்சும் ஒரு மரத்தை வைத்தார்கள். 2023இல் வந்த 'பால்டர்ஸ் கேட் 3' கேமில் அந்த மரத்தடிக்குப் போனால் உங்கள் மந்திரம் எதுவும் வேலை செய்யாது. நானே போய் மாட்டிக்கொண்டேன்.

மந்திரம் இல்லாமலே இதைச் சமாளித்த இடம் ஒன்று உண்டு. 1986இல், அண்டர்டார்க்குக்குப் பெயர் கிடைத்த அதே வருடம், ருமேனியாவில் மங்காலியா என்ற கடலோர ஊருக்குப் பக்கத்தில் மின்நிலையம் கட்ட நிலத்தைச் சோதித்தபோது ஒரு குகை திறந்துகொண்டது. மோவிலே குகை. சுமார் 55 லட்சம் வருடங்கள் மூடிக் கிடந்தது என்கிறார்கள். உள்ளே ஆக்ஸிஜன் வெளியே இருப்பதில் பாதிதான். அழுகிய முட்டை நாற்றமடிக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு, மீத்தேன். இந்த விஷத்தைத்தான் பாக்டீரியாக்கள் எரிபொருளாக்கிக்கொள்கின்றன. தண்ணீர் மேல் ஆடை மாதிரிப் படர்கின்றன. அந்த ஆடையைச் சிறு பூச்சிகள் தின்ன, பூச்சிகளைச் சிலந்திகளும் பூரான்களும் நீர்த்தேளும் அட்டையும் தின்ன, 50 வகைக்கு மேல் உயிர்கள் சூரியனுக்கு ஒரு பைசா கடன் இல்லாமல் வாழ்கின்றன.

அந்தப் படங்களைப் பார்த்துக்கொண்டே போனபோதுதான் பொறி தட்டியது. நிறைய உயிர்களுக்குக் கண் இல்லை. அதைவிட, நிறம் இல்லை. வெளுத்துப்போயிருந்தன.

தேடினால் எங்கும் அதே கதை. மெக்ஸிகோவின் அஸ்டியானக்ஸ் மீன், ஆற்றில் இருக்கும்போது கண்ணும் நிறமும் உண்டு. அதே இனம் குகைக்குள் போனால் கண் தூர்ந்து, வெளிறிய ரோஸ் நிறமாகிவிடுகிறது. ஓசிஏ2 என்ற மரபணு கெட்டுப்போவதால். ஒன்றோடொன்று தொடர்பில்லாத குகைகளில், ஒவ்வொன்றிலும் வெவ்வேறு இடத்தில் தனித்தனியாகக் கெட்டிருக்கிறது. மனிதர்களில் ஒரு வகை வெண்தோல் நிலைக்கும் இதே மரபணுதான் காரணம். ஸ்லோவீனியாவின் போஸ்டொய்னா குகையில் ஓல்ம் என்று ஒரு நீர்ப்பல்லி. நூறு வயது வரைகூட வாழும், வருடக்கணக்கில் பட்டினி கிடக்கும். வெள்ளம் வரும்போது வெளியே அடித்துக்கொண்டு வந்ததைப் பார்த்த மக்கள் டிராகன் குட்டி என்று நம்பியதாக 1689இலேயே வால்வசோர் எழுதிவைத்திருக்கிறார். அதுவும் வெள்ளைதான். (அந்நாட்டின் தென்கிழக்கில் ஒரு சிறு பகுதியில் மட்டும் கறுப்பு ஓல்ம் உண்டு, அதற்குக் கண்ணும் உண்டு. அதுவும் 1986இல்தான் அகப்பட்டது. விதிவிலக்கு, ஒத்துக்கொள்கிறேன்.)

ஆக, இருட்டு யாரையும் கறுப்பாக்குவதில்லை. கறுப்பு என்பது வெயிலுக்கு உடம்பு கொடுக்கும் பதில். வெயில் இல்லாத இடத்தில் அதற்கு வேலையில்லை. ஆயிரக்கணக்கான வருடங்கள் பாதாளத்தில் வாழ்ந்த டிரௌ, ஓல்ம் மாதிரி வெளுத்திருக்க வேண்டும். ஆனால் நிலக்கரியாக இருக்கிறார்கள். அந்தக் கறுப்பு எங்கிருந்து வந்தது?

மேலேயிருந்து வந்தது. ஐஸ்லாந்தில் 13ஆம் நூற்றாண்டில் ஸ்னோரி எழுதிய புராணத் தொகுப்பிலேயே ஒளி எல்ஃப்கள் சூரியனைவிட அழகானவர்கள், இருட்டு எல்ஃப்கள் மண்ணுக்கடியில் வாழும் தாரைவிடக் கறுத்தவர்கள் என்று வருகிறது. அண்டர்டார்க் கதையில் அது இன்னும் வெளிப்படை. எல்ஃப்களின் கடவுள் கொரெல்லான் தண்டனையாக ஓர் இனத்தையே டிரௌவாக மாற்றிக் கீழே தள்ளினார். நிறம் அவர்கள் மேல் போட்ட முத்திரை. நமக்கு இந்தக் கதை புதிதில்லை. தலையில் கால் வைத்துப் பாதாளத்துக்கு அனுப்பப்பட்ட மாபலியை நாம் அறிவோம். ஆனால் மாபலியை நல்லவன் என்றே நம் கதையும் ஒத்துக்கொள்கிறது, வருடம் ஒருமுறை மேலே வரவும் விடுகிறது. கொரெல்லான் அந்தச் சலுகையும் தரவில்லை.

எனக்கு உறைத்தது இதுதான். மேலே இருக்கும் எல்ஃப்கள் ஏன் வெளுப்பாக இருக்கிறார்கள் என்பதற்கு நான் படித்த எந்தப் புத்தகத்திலும் கதை இல்லை. அது சும்மா அப்படித்தான். கறுப்புக்கு மட்டும் காரணம் வேண்டியிருக்கிறது. என் வீட்டிலும் ஒரு காரணம் இருந்தது. "இவ வயித்துல இருக்கும்போது குங்குமப்பூ வாங்கிக் குடுத்தேன், ஒரு நாளாவது குடிச்சாளா?" என்று ஆச்சி வருகிறவர்களிடமெல்லாம் சொல்வாள். அது என் கொரெல்லான் கதை. அம்மா குடிக்காத ஒரு டம்ளர் பாலில் நான் விழுந்தேன். குகை ஆய்வில் இது அப்படியே தலைகீழ். அங்கே நிறமுள்ள மீனைப் பற்றி யாரும் ஏன் என்று கேட்பதில்லை. வெளுத்ததற்குத்தான் விளக்கம் தேடி ஆய்வுக்கட்டுரை எழுதுகிறார்கள். அவற்றை ராத்திரி ஒரு மணிக்கு உட்கார்ந்து படிப்பதில் எனக்கு ஒரு அற்ப சந்தோஷம் இருந்தது, மறைப்பானேன்.

நாங்கள் ஆட ஆரம்பித்த 2020லேயே இது வெளியிலும் பேச்சானது. 'கம்யூனிட்டி' தொடரில் ஒருவர் முகத்தில் கறுப்புப் பூசி இருட்டு எல்ஃபாக வரும் 2011 எபிசோடை நெட்ஃப்ளிக்ஸ் அந்த ஜூனில் தூக்கியது. விளையாட்டை வெளியிடும் விஸார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் நிறுவனமும் அதே மாதம், டிரௌவையும் ஓர்க்கையும் பிறவியிலேயே தீயவர்களாகக் காட்டியது தவறு என்று ஒப்புக்கொண்டது. 2021இல் சால்வடோர் எழுதிய நாவலில், தீய சிலந்தித் தெய்வத்துக்குக் கட்டுப்படாத வேறு டிரௌ மக்கள் வந்தார்கள். நல்லதுதான். அதுவரை ட்ரிஸ்ட் என்ற நல்ல டிரௌ, 1988லிருந்து முப்பது வருடமாகத் தன் நல்லத்தனத்தை ஒவ்வொரு ஊரிலும் நிரூபித்துக்கொண்டு திரிந்தான். பாவம், அவனுக்கும் ஓய்வு வேண்டும். ஆனால் டிரௌ தோலைச் சாம்பல், ஊதா என்று மாற்றி வரைவதில் எனக்கு ஒப்புதல் இல்லை. என் குகைவாதத்தை வைத்து அவர்களை வெள்ளையாக்கவும் வேண்டாம். கறுப்பாகவே இருக்கட்டும். ஏன் என்று மட்டும் எழுத வேண்டாம்.

ஒருநாள் ஓல்ம் படத்தை எங்கள் குரூப்பில் போட்டேன். "நிஜ டிரௌ இப்படித்தான்டா இருப்பான்." சிரித்தவன்தான் முதலில் பதில் போட்டான்: "என்னடா இது, கோழிக் குடலா?" பிறகு நான் ஒன்றைச் சேர்த்தேன். ஓல்மை வெளிச்சத்தில் வைத்திருந்தால் அதன் தோல் மெல்லக் கறுக்கும். நிறத்தைச் செய்யும் திறமை அதற்குள் இன்னும் இருக்கிறது. நீல டிக் விழுந்தது. வெகுநேரம் யாரும் எதுவும் எழுதவில்லை. இரவு அவன் தனியாக ஒரு வரி அனுப்பினான்: "அன்னிக்கு நான் சொன்னதுக்காடா இது?" நான் "சண்டே பேசலாம்" என்று போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அதைப் பேசவில்லை. அன்று எங்கள் கூட்டம் முதல்முறையாகப் பாதாளத்திலிருந்து மேலே வந்தது. டிஎம் வெயிலை வர்ணித்தான். புல், காற்று, தூரத்தில் ஒரு நாய் குரைப்பு. மற்ற நால்வரில்... இல்லை, டிஎம்மை விட்டால் மூவர், ஓடிக்கொண்டிருந்தார்கள். எனக்கு மட்டும் விதி வேறு. டிரௌவுக்கு வெயிலில் கண் கூசும். பார்த்துச் செய்யும் எதற்கும் இரண்டு டைஸ் உருட்டி, குறைவானதை எடுத்துக்கொள்ள வேண்டும்.

"மேல நிக்கிறது யாருன்னு தெரியுதா, காரி?" என்றான் டிஎம்.

உருட்டினேன். 17, 4.

"தெரியல."

மியூட் எடுக்கும் சத்தம் கேட்டது. "நான் திரும்பிப் போறேன்," என்றான் அவன். "அவன் கையைப் பிடிச்சுக்கறேன். என்ன இருக்குன்னு நான் சொல்லிட்டே வர்றேன்."

டிஎம் அதற்கு டைஸ் கேட்கவில்லை.