குடிக்கத் தோன்றும் தண்ணீர்

எங்கள் கடையில் தண்ணீர்ப் பானையைக் கல்லாவுக்குப் பக்கத்தில் வைத்தால் மதியத்துக்குள் காலியாகிவிடும். உள்ளே, கை கழுவும் தொட்டிக்கு அருகில் வைத்தால் அதே பானை சாயங்காலம் வரை பாதி நிற்கும். வருகிற ஆட்களும் மாறவில்லை, வெயிலும் மாறவில்லை. நாலடி தூரம்தான் மாறியது. தினம் இவ்வளவு லிட்டர் குடி, அவ்வளவு லிட்டர் குடி என்று யார் யாருக்கோ புத்தி சொல்பவர்களைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்த நாலடி நினைவுக்கு வரும்.

புளியந்தோப்பில் மதியச் சாப்பாட்டுக் கடை நடத்துகிறேன். மூட்டை தூக்குகிறவர்கள், ஆட்டோக்காரர்கள், ஆட்டுத்தொட்டியில் வேலை முடித்து வருகிறவர்கள், குப்பை வண்டித் தொழிலாளர்கள், துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரி டிரைவர்கள் எல்லாரும் வருவார்கள். சோறும் குழம்பும் என் தொழில். ஆனால் நான் அக்கறையாகக் கற்றுக்கொண்ட வேலை எது என்று கேட்டால் தண்ணீர் வைக்கிற வேலை என்றுதான் சொல்வேன். சாம்பாரில் உப்பு கூடினால் அன்றைக்கே சொல்லிவிடுவார்கள். தண்ணீர் சரியில்லை என்றால் யாரும் சொல்வதில்லை. பேசாமல் அரை டம்ளரோடு எழுந்து போய்விடுவார்கள்.

முதலில் தண்ணீரின் குணம் தெரிய வேண்டும். எங்கள் தெருவில் அடிபம்பில் வருவது மெட்ரோ வாட்டர். புழல் ஏரித் தண்ணீர் இந்த ஊருக்கு 1872 முதல் வருகிறது. 2010-க்குப் பிறகு மீஞ்சூர் பக்கம் காட்டுப்பள்ளியில் கடல் தண்ணீரைக் குடிநீராக்கும் ஆலையிலிருந்தும் வடசென்னைக்கு வரத் தொடங்கியது. நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் தயாரிக்கக்கூடிய ஆலை அது. போர் தண்ணீரை நான் பாத்திரம் கழுவ மட்டும்தான் வைத்திருக்கிறேன். கேன் தண்ணீர் சுத்தமாக இருக்கலாம், ஆனால் உப்பெல்லாம் எடுத்த பிறகு நாக்கில் ஒன்றும் தங்காது. மெட்ரோ தண்ணீரில் குளோரின் வாடை அடிக்கிறது என்று முகம் சுளிப்பார்கள். அந்த வாடைதான் குழாய் வழி நெடுகக் கிருமியைத் தடுத்துக்கொண்டு வந்திருக்கிறது, அதைத் திட்டக் கூடாது. அடுப்பில் ஏற்றித் தளதளவென்று கொதிக்கவிட்டால் வாடை தானாகப் போய்விடும்.

கொதித்து ஆறிய தண்ணீர் ஏன் சப்பென்று இருக்கிறது? தண்ணீருக்குள் கரைந்திருக்கும் காற்று கொதியில் வெளியேறிவிடுகிறது. அதனால் ஆறிய தண்ணீரை அப்படியே பானையில் கொட்ட மாட்டேன். சுத்தமான இரண்டு குண்டான்களுக்கு இடையே, டீ மாஸ்டர் டீ ஆற்றுவதுபோல, உயரத் தூக்கி நாலைந்து தரம் ஆற்றி ஊற்றுவேன். காற்று திரும்பச் சேரும். இதைச் செய்த தண்ணீரையும் செய்யாத தண்ணீரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் குடித்துப் பாருங்கள். பிறகு நான் சொல்ல வேண்டியதில்லை.

பானை கொசப்பேட்டையில் வாங்குவேன். நடந்து போய் வரும் தூரம். பிள்ளையார் சதுர்த்திக்குச் சிலை செய்யும் அந்தத் தெருக்களில் கோடைக்குப் பானையும் அடுக்கியிருப்பார்கள். விரலால் தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். அதைவிட முக்கியம், வெளிப்பக்கம் பெயின்ட், வார்னிஷ் எதுவும் இருக்கக் கூடாது. பூவும் மயிலும் வரைந்த பானையை வரவேற்பறையில் வையுங்கள், அதில் தண்ணீர் குளிராது. மண்ணின் நுண்துளை வழியாகத் தண்ணீர் கசிந்து வெளியே வந்து ஆவியாகப் போகிறது. போகும்போது உள்ளிருக்கும் சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. துளையை அடைத்துவிட்டால் அது வெறும் ஜாடி. சோப்புப் போட்டுத் தேய்ப்பதும் அதே காரணத்தால் தப்பு, அந்த வாசனை துளைக்குள் போய் உட்கார்ந்துகொண்டு வாரக்கணக்கில் தண்ணீரில் இறங்கும். புதுப்பானையில் ஒரு நாள் வெறும் தண்ணீர், ஒரு ராத்திரி அரிசி கழுவிய கழனித் தண்ணீர், பிறகு தேங்காய் நாரால் ஒரு தேய்ப்பு. போதும்.

பானைக்கும் வயது உண்டு. சில மாதங்களில் வெளிப்பக்கம் வெள்ளை வெள்ளையாக உப்புப் பூக்கும். தண்ணீர் ஆவியாகிறது, அதிலிருந்த உப்பு ஆவியாகாமல் துளையிலேயே தங்கிவிடுகிறது. போர் தண்ணீர் ஊற்றினால் இன்னும் சீக்கிரம். பூத்த பானையை நாரால் தேய்த்துக் கொஞ்ச காலம் ஓட்டலாம். அதற்கு மேல் அது செடி வைக்கத்தான் ஆகும். பழைய பானைதான் ராசி என்று வைத்துக்கொண்டிருப்பவர்களிடம் நான் வாதாடுவதில்லை. என் கடையில் மாசிக்கு ஒரு புதுப்பானை வந்தாக வேண்டும்.

காற்றைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், இதை யாரும் எழுதி நான் பார்த்ததில்லை. அக்கினி நட்சத்திரக் காலத்தில் காலையிலிருந்தே மேல்காற்று உலர்ந்து அனலாக அடிக்கும். முகம் எரியும். அந்த நேரத்தில்தான் பானைத் தண்ணீர் அற்புதமாகக் குளிரும், ஏனென்றால் உலர்ந்த காற்று கசிவைச் சட்டென்று வாங்கிக்கொள்கிறது. மத்தியானத்துக்கு மேல் காசிமேட்டுப் பக்கமிருந்து கடல்காற்று இறங்கியதும் நமக்குச் சுகமாக இருக்கும், பானைக்கு வேலை நின்றுவிடும். காற்றிலேயே ஈரம் நிறைந்திருந்தால் ஆவி எங்கே போகும்? ஆகவே என் பெரிய பானையைக் காலையிலேயே நிரப்பி, மேற்குக் காற்று படுகிற வாசல் ஓரத்தில், நிழலில், ஈர மணல் தட்டின் மேல் வைத்துவிடுவேன். மணலில் தண்ணீர் தேங்கக் கூடாது. கொசுப்புழு பார்க்க வருகிற மாநகராட்சிப் பெண்கள் முதலில் அந்தத் தட்டைத்தான் பார்ப்பார்கள், அவர்கள் பார்ப்பது நியாயம்தான். வாய்க்கு வெள்ளைத் துணி கட்டி மேலே தட்டு மூடி. மொள்ளுவதற்கு நீளக் கைப்பிடி போட்ட கரண்டிச் சொம்பு. விரல் தண்ணீரில் படவே கூடாது.

பிரிட்ஜ் தண்ணீர் கேட்பவர்களும் உண்டு. கொடுப்பேன், ஆனால் அவர்கள் குடிப்பதைக் கவனித்திருக்கிறேன். இரண்டு மடக்கில் பல் கூசி நிறுத்திவிடுவார்கள். தாகம் தீர்ந்துவிட்டதாக வாய்க்கு ஒரு நினைப்பு, உடம்புக்குப் போனதோ கால் டம்ளர். வியர்த்துக் களைத்தவர்களுக்கு வெவ்வேறு சூட்டில் தண்ணீர் கொடுத்து ஆராய்ந்தவர்கள், 15 டிகிரியை ஒட்டிய குளிர்ச்சியில்தான் ஆட்கள் அதிகம் குடிக்கிறார்கள் என்று கண்டிருக்கிறார்கள். பானை அந்த அளவுக்கு இறங்காவிட்டாலும் தொண்டை தடுக்காமல் ஒரே மூச்சில் ஒரு டம்ளர் இறங்கும் பதம் அதில் இருக்கிறது. "அக்கா, சும்மா ஜில்லுனு கீதுக்கா" என்று இரண்டாவது டம்ளருக்குக் கை நீட்டினால் என் வேலை முடிந்தது.

வாசனை சேர்ப்பது பழைய பழக்கம். பாதிரிப்பூவைப் புதுப்பானையில் போட்டால் பூவின் மணம் தண்ணீருக்கும் ஏறும் என்பதை நாலடியார் கற்றவரோடு சேர்வதற்கு உவமையாகவே சொல்லியிருக்கிறது. பாதிரிப்பூவுக்கு நான் எங்கே போவேன்? வெட்டிவேர் இருக்கிறது. கடலூர்க் கடற்கரை மணலில் விளைவது. பூங்கா நகர் ராசப்ப செட்டித் தெருவில் வாங்கி, மண் போக அலசி, வெள்ளைத் துணியில் சிறு முடிச்சாகக் கட்டிப் போடுவேன். மூன்றாம் நாள் எடுத்து வெயிலில் காய வைத்து மறுபடி போடலாம், அதற்கப்புறம் தூக்கிப் போட வேண்டும். ஆசைக்கு அதிகம் போட்டால் தண்ணீர் மருந்தாகிவிடும். வாசனை இருப்பது குடித்து முடித்த பிறகுதான் தெரிய வேண்டும். சிலர் வெள்ளரித் துண்டு, புதினா, எலுமிச்சை எல்லாம் ஒன்றாகப் போட்டுக் கண்ணாடி ஜாடியில் வைக்கிறார்கள். பார்க்க அழகு. எங்கள் வெயிலில் மதியத்துக்குள் புளித்துவிடும். ரம்சான் மாதத்தில் மட்டும் நன்னாரியும் ஊறின சப்ஜா விதையும் தனியாக வைப்பேன். நோன்பு திறக்கிற பையன்கள் பகல் முழுக்கச் சேர்ந்த தாகத்தை ஒரே மூச்சில் தீர்க்கப் பார்ப்பார்கள். ஒரு டம்ளர் இப்போது, தொழுதுவிட்டு வந்து ஒன்று, படுக்கும் முன் ஒன்று, சஹருக்கு ஒன்று என்று பிரித்துக் குடிக்கச் சொல்லித் துரத்துவேன்.

தேற்றான்கொட்டையைப் பற்றியும் கேட்பார்கள். கலங்கின தண்ணீரில் அதை உரசினால் மண் அடியில் இறங்கிவிடும், உண்மை. கிருமி சாகாது. தெளிந்த தண்ணீரையும் நல்ல தண்ணீரையும் ஒன்றென்று நினைக்கிறவர்கள் கொதிக்க வைப்பதைத்தான் முதலில் விடுகிறார்கள்.

டம்ளர் விஷயம் சின்னது என்று தோன்றும். இந்த வட்டாரத்துப் பெரியவர்கள் பலர், வேறு ஊர்களில், தமக்கென்று தனிக் குவளை வைத்த டீக்கடைகளைப் பார்த்து வந்தவர்கள். உள்ளங்கையைக் குவித்து நிற்க, மேலிருந்து ஊற்றப்பட்ட தண்ணீரைக் குடித்தவர்கள். 1927 மார்ச்சில் மகாராஷ்டிரத்தின் மகாடில் அம்பேத்கர் சவுதார் குளத்தில் இறங்கி ஒரு கை தண்ணீர் அள்ளிக் குடித்தது எதற்காக என்று அவர்களுக்கு யாரும் விளக்க வேண்டாம். என் கடையில் எல்லாம் ஒரே அளவு எவர்சில்வர் டம்ளர், கொதிநீரில் அலசிக் கவிழ்த்தது. டம்ளரை மேசையில் வைத்துத் தள்ளாமல் கையில் கொடுக்க வேண்டும் என்பது வேலைக்கு வரும் பையனுக்கு முதல் நாளே சொல்லும் விதி. கையில் வாங்கிய தண்ணீரை யாரும் மிச்சம் வைப்பதில்லை.

நேரமும் வேண்டும். இதோ பக்கத்தில் பின்னி மில் இருந்தது, 1996-ல் மூடிவிட்டார்கள். 1918-ல் அந்த மில் தொழிலாளர்கள் சென்னைத் தொழிலாளர் சங்கம் கண்டபோது அவர்கள் சொன்ன குறைகளில் மதிய இடைவேளை போதவில்லை என்பதும் ஒன்று. இன்றைக்கும் டெலிவரி பையன்கள் வண்டியை அணைக்காமலே சாம்பார் சாதம் கட்டிக்கொண்டு பறக்கிறார்கள். அவர்களுக்கு என்று வாசலிலேயே ஒரு சின்னப் பானை. ஹெல்மெட்டைக் கழற்றாமல் குடிக்க முடியாது என்பதால் ஒரு நிமிடமாவது நிற்பார்கள். லாரி டிரைவர்கள் கெட்டிக்காரர்கள், பாட்டிலைச் சாக்குத் துணியால் சுற்றி நனைத்து ஜன்னலோரம் கட்டிவிடுவார்கள். ஓடுகிற வண்டியின் காற்றே பானை வேலை பார்க்கும்.

எவ்வளவு குடிப்பது என்று கேட்டால் நான் எண்ணிக்கை சொல்வதில்லை. நிழலில் உட்கார்ந்து வேலை செய்பவருக்கு இரண்டு லிட்டர் சரியாக இருக்கலாம், கொதிக்கிற தார்ச் சாலையில் மூட்டை ஏற்றுகிறவருக்கு அது காலைக் கணக்கு. சிறுநீர் வெளிர்மஞ்சளாகப் போகிறதா, அது போதும். நன்றாக வியர்த்தவருக்கு வெறும் தண்ணீரைவிட உப்புப் போட்ட மோரோ நீராகாரமோ நல்லது. எங்கள் வாடிக்கையாளர் ஒருவர் டயாலிசிஸ் செய்துகொள்கிறவர், நாளைக்கு இவ்வளவுதான் என்று டாக்டர் அளந்து கொடுத்திருக்கிறார். அவருக்கு மற்றவர்களுக்குச் செய்வதற்கு நேர்மாறாகச் செய்ய வேண்டும். மிகச் சின்ன கிளாஸ், நன்றாகக் குளிர்ந்த தண்ணீர், வாயில் வைத்துக் கரைக்க ஒரு ஐஸ் துண்டு. இருக்கிற கொஞ்சத்தை நீட்டி ருசிக்க வைப்பதும் இந்த வேலையில் சேர்ந்ததுதான்.

மழைக்காலத்தில் பானையை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. தாகம் தெரியாது, உடம்பு கேட்காது. ஐப்பசி, கார்த்திகையில் சீரகத்தை லேசாக வறுத்து, இறக்கி வைத்த வெந்நீரில் போட்டு மூடிவிடுவேன். சீரகத்தைப் போட்டுக் கொதிக்க வைத்தால் கசப்பு இறங்கும். வெதுவெதுப்பாகக் கையில் கொடுத்தால் டீ கேட்க வந்தவர்களும் குடிப்பார்கள்.

இத்தனை செய்தும் ஒரு கூட்டம் மட்டும் குடிக்காமலே இருந்தது. காலையிலிருந்து தெருக் கூட்டிவிட்டு வரும் பெண்கள். முகமெல்லாம் உப்புப் பூத்திருக்கும், ஒரு டம்ளரோடு நிறுத்திக்கொள்வார்கள். ருசி பிடிக்கவில்லையோ என்று வெட்டிவேரைக்கூட எடுத்துப் பார்த்தேன். அவர்களில் மூத்தவர்தான் ஒருநாள் சொன்னார்: "தண்ணி நல்லாத்தான்மா கீது. குடிச்சிட்டு எங்க போறது?" தமிழ்நாட்டு உப்பளத் தொழிலாளர்களைப் பற்றிச் சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா பல்கலைக்கழகத்தினர் செய்த ஆய்வும் வெயிலோடும் சிறுநீரகக் கோளாறோடும் சேர்த்துக் கழிப்பறை இல்லாததைப் பேசுகிறது. 2024-ல் வெப்ப அலையை மாநிலப் பேரிடர் என்று அரசு அறிவித்தது. கோடை வந்தால் கட்சிக்கு ஒரு நீர்மோர்ப் பந்தல் முளைக்கிறது. பந்தலுக்குப் பக்கத்தில் கழிப்பறை எங்கே என்று ஓர் அம்பு போட்டு எழுதி வைத்ததை நான் இதுவரை பார்த்ததில்லை.

கடைக்குப் பின்னால் எங்கள் வீட்டுக் கழிப்பறையை அவர்களுக்குத் திறந்துவிட்டேன். முதலில் தயங்கினார்கள். கதவின் உள்தாழ்ப்பாள் ஆடிக்கொண்டிருந்தது, சரியாகப் பிடிக்காது. இரும்புக்கடையில் புதுத் தாழ்ப்பாள் ஒன்று வாங்கி, பக்கத்துப் பட்டறைத் தம்பியைக் கூப்பிட்டு நாலு திருகாணி முடுக்கினோம், ஒரு வாளியும் மக்கும் வைத்தோம். அந்த வாரத்திலிருந்து பெரிய பானையை இரண்டு முறை நிரப்ப வேண்டியதாயிற்று.