பெயர் இருக்கு, ஆளைக் காணோம்!

அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கம் மழையை நம்பிய மானாவாரி பூமி. இங்கே மேல் கண்மாய் நிரம்பி மறுகால் பாய்ந்தால்தான் கீழ்க் கண்மாய்க்குத் தண்ணீர். மேலே எட்டிப் பார்க்காமல் கீழே விதைத்தவருக்கு, பயிர் வாடும்போதுதான் சங்கதி தெரியும்.

லினக்ஸில் வரும் "அன்டிஃபைன்ட் சிம்பல்" பிழையும் இதே கதைதான்.

2011ல் தமிழக அரசு விலையில்லா மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியபோது, சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் அதில் வந்தது. இந்தக் கரிசல் ஊர்களில் பல வீடுகளுக்கு அதுதான் முதல் கணினி. ஆர்வமாக நிரல் எழுதும் பிள்ளை இப்படி ஒரு பிழையைப் பார்த்ததும் "நமக்கு இது வராது" என்று மூடி வைத்துவிட்டால்? அதுதான் பெரிய நஷ்டம்.

சரி, விஷயத்துக்கு வருவோம். ஒரு நிரல் எல்லா வேலையையும் தானே செய்வதில்லை. பலரும் பகிர்ந்துகொள்ளும் லைப்ரரிகளிடம் பெயர் சொல்லிக் கேட்டு வாங்கும். அந்த லைப்ரரியும் இன்னொன்றிடம் கேட்கும். பகிர்வு லைப்ரரியைக் கட்டும்போது, தேடும் பெயர் கிடைக்காவிட்டாலும் லிங்கர் வழக்கமாகக் கண்டுகொள்ளாது. பிறகு எங்கிருந்தாவது வரும் என்று விட்டுவிடும். ஓடவிட்டால்தான் குட்டு வெளிப்படும்!

முதலில் "எல்டிடி" கட்டளையை "மைனஸ் ஆர்" சேர்த்து ஓட்டினால், கிடைக்காத பெயர்கள் வரிசையாக வரும். அடுத்து "என்எம் மைனஸ் டி". பெயருக்கு முன்னால் "யூ" என்றிருந்தால் அந்த லைப்ரரி வெளியே கேட்கிறது. பெரிய "டி" என்றிருந்தால் தானே வைத்திருக்கிறது.

காரணம் பெரும்பாலும் மூன்றில் ஒன்று. ஒன்று, தேவையான லைப்ரரியைச் சேர்க்க மறந்திருக்கலாம், அல்லது வரிசை மாறியிருக்கலாம். கேட்பவர் முன்னால், கொடுப்பவர் பின்னால் என்பதே வரிசை. இரண்டு, சி++ கம்பைலர் பெயரோடு வால் சேர்த்துவிடும். சி-யில் எழுதியதை அழைக்க "எக்ஸ்டர்ன் சி" என்று அறிவிக்க வேண்டும். மூன்று, பதிப்பு வேறுபாடு. 2015ல் வந்த ஜிசிசி 5, சி++ ஸ்ட்ரிங்கின் உள்பெயரை மாற்றியதால், பழைய கம்பைலரில் கட்டியதும் புதியதில் கட்டியதும் ஒட்டாமல் போயின. எல்லாவற்றையும் ஒரே கம்பைலரில் மறுபடி கட்டுவதே மருந்து.

வருமுன் காக்கவும் வழி உண்டு. கட்டும்போதே லிங்கருக்கு "மைனஸ் இசட் டெஃப்ஸ்" கொடுத்தால், ஒரு பெயர் குறைந்தாலும் அங்கேயே நிறுத்திவிடும். விதைக்கும் முன்பே மேல் கண்மாயைப் பார்த்துவிட்டு வருவது மாதிரி.

பிழைச் செய்தி யாரையும் திட்டுவதில்லை. காணாமல் போன ஆளின் பெயரைத்தான் சொல்கிறது. பெயர் தெரிந்த ஆளைத் தேடுவது அவ்வளவு கஷ்டமா என்ன? :)