புது ராம், பழைய டிஸ்க்

திங்கள்

திருவல்லிக்கேணியில் ஒரு மாடி அறையில் புத்தக வடிவமைப்பு செய்கிறவர் அவர். மேசைக்கு அடியில் இருப்பது பத்து வயதைத் தாண்டிய டெஸ்க்டாப்: இன்டெல் கோர் ஐ5-4570, ஹெச்81 மதர்போர்டு, 4 ஜிபி ராம், 1 டிபி ஹார்ட் டிஸ்க். 2013இல் சந்தைக்கு வந்த நான்காம் தலைமுறைச் சிப் அது. சனிக்கிழமை ரிச்சி ஸ்ட்ரீட்டிலிருந்து வந்த மூன்று பொருள்கள் கேபினெட்டுக்குள் ஏறின: செகண்ட் ஹேண்ட் 8 ஜிபி ராம், 240 ஜிபி எஸ்.எஸ்.டி., சின்னதாக ஒரு கிராஃபிக்ஸ் கார்டு. விண்டோஸ் 10 புதிதாக எஸ்.எஸ்.டி.யில் ஏற்றப்பட்டது. பழைய டிஸ்க், வேலைக் கோப்புகளைச் சுமந்தபடி டி டிரைவாக நீடித்தது.

பூட் ஆவது மின்னல் வேகம். குறையே இல்லை. தொல்லை அதற்குப் பிறகுதான். இன்டிசைனில் ஒரு பத்தியைத் திருத்திக்கொண்டிருக்கும்போது கர்சர் நின்றுவிடுகிறது. தட்டிய எழுத்து வரவில்லையே என்று மறுபடி தட்டினால், சற்று நேரத்தில் எல்லாம் மொத்தமாக வந்து விழுகின்றன. மெய்ப்பில் ஒற்று மிகுந்த இடங்களுக்கு இதுவும் ஒரு காரணமாகிவிட்டது.

கணினி காக்க வைப்பதை மனிதர் எவ்வளவு பொறுப்பார் என்பதை 1968இலேயே ராபர்ட் மில்லர் எழுதிவைத்தார். 1993இல் யாக்கோப் நீல்சன் அதை மூன்று எல்லைகளாகச் சுருக்கினார். 0.1 நொடிக்குள் பதில் வந்தால் தாமதமே தெரியாது. 1 நொடி வரை எண்ண ஓட்டம் அறுபடாது. 10 நொடியைத் தாண்டினால் கவனம் வேறெங்கோ போய்விடும். இங்கே நிற்பது ஆறேழு நொடி. போனை எடுத்துப் பார்க்கத் தோன்றும் அளவு.

செவ்வாய்

"ராமைக் கழட்டிப் பாருங்கக்கா. செகண்ட் ஹேண்ட்தானே, எப்படியும் அதுவாத்தான் இருக்கும்" என்றார் சர்வீஸ் தம்பி போனில். சந்தேகம் முதலில் புதிதாக வந்தவர் மேல்தான் விழும்.

பழையது டிடிஆர்3-1333, புதியது 1600. இரண்டும் சேர்ந்தால் குறைந்த வேகத்துக்கு, அதாவது 1333க்கு, இரண்டுமே இறங்கிவிடும். 4ம் 8ம் அளவில் பொருந்தாததால், முதல் 8 ஜிபி மட்டும் இரட்டைத் தடத்தில் ஓடும். மிச்சம் 4 ஜிபி ஒற்றைத் தடம். காகிதத்தில் இது குறைதான். ஆனால் சோதனைக் கருவிக்குத் தெரியும் இந்த வித்தியாசம், ஆறேழு நொடி உறைய வைக்காது. மெம்டெஸ்ட்86+ இரவு முழுக்க ஓடியது. பிழை ஒன்றுமில்லை.

அடுத்து கிராஃபிக்ஸ் கார்டு. கழற்றிவிட்டு, மானிட்டர் வயரை மதர்போர்டிலேயே செருகினார். சிப்பில் உள்ளே இருக்கும் ஹெச்டி 4600 கிராஃபிக்ஸே பக்க வடிவமைப்புக்குத் தாராளம். உறைவது அப்படியே இருந்தது. கார்டும் நிரபராதி.

புதன்

உறைந்த நொடியிலேயே டாஸ்க் மேனேஜரைப் பார்க்க வேண்டும் என்று அதைத் திறந்து வைத்துக்கொண்டே வேலை செய்தார். பதினோரு மணி வாக்கில் கர்சர் நின்றது. பிராசஸர் 7 சதவீதம். மெமரி பாதிகூட இல்லை. எஸ்.எஸ்.டி. 1 சதவீதம். டி டிரைவ் மட்டும் 100 சதவீதம்; சராசரி பதில் நேரம் 4,800 மில்லிநொடி.

அந்த எண்ணை இப்படிப் பார்க்கலாம். நிமிடத்துக்கு 7,200 முறை சுற்றும் டிஸ்க், ஒரு சுற்றுக்கு எடுத்துக்கொள்வது 8.3 மில்லிநொடி. வேண்டிய இடம் முள்ளுக்கு அடியில் வர சராசரியாக அரைச் சுற்று, 4.2 மில்லிநொடி. முள் நகரும் நேரத்தைச் சேர்த்தாலும் பதில் பதினைந்து, இருபது மில்லிநொடிக்குள் வந்துவிட வேண்டும். 4,800 என்றால், டிஸ்க் ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பப் படித்துத் தோற்றுக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மஞ்சள் காட்டியது. சி5 என்ற வரி, அதாவது படிக்க முடியாமல் நிலுவையில் நிற்கும் செக்டார்கள். எதிரே மூல மதிப்பு 10. ஆனால் அந்தக் கருவி இயல்பாகக் காட்டுவது பதினாறடிமான எண். ஆகவே பத்தல்ல, பதினாறு. டேட்டா கேபிள் கோளாறைக் காட்டும் சி7 வரியில் சுழியம். கேபிள் நன்றாக இருக்கிறது, டிஸ்க்தான் சாகிறது. ஈவென்ட் வியூவரிலும் 153ஆம் எண் எச்சரிக்கைகள் வரிசையாக நின்றன: கேட்டது கிடைக்கவில்லை, மறுபடி கேட்டேன் என்று விண்டோஸ் எழுதிவைத்த குறிப்புகள்.

வியாழன்

ஒரு கேள்வி மிச்சம். இன்டிசைனும் விண்டோஸும் எஸ்.எஸ்.டி.யில் இருக்க, வெறுமனே தட்டச்சு செய்யும்போது டி டிரைவை யார் தொடுகிறார்கள்?

விர்ச்சுவல் மெமரி அமைப்பில் விடை இருந்தது. ராமுக்குத் துணையாக விண்டோஸ் டிஸ்க்கில் வைத்துக்கொள்ளும் பேஜ் ஃபைல், டி டிரைவுக்கு மாற்றப்பட்டிருந்தது. "எஸ்.எஸ்.டி. தேஞ்சிடுமேன்னு நான்தாங்க்கா மாத்தினேன்" என்றார் தம்பி. எஸ்.எஸ்.டி. புதிதாக வந்த காலத்து அறிவுரை அது. இன்னும் கடைகளில் உலவுகிறது. இந்த 240 ஜிபி எஸ்.எஸ்.டி.க்கு 80 டெராபைட் எழுதும் வரை உத்தரவாதம். தினம் 20 ஜிபி எழுதினாலும் 4,000 நாள், ஏறக்குறைய 11 ஆண்டு தாங்கும். அந்தத் தேய்மானத்துக்குப் பயந்து, சாகக் கிடக்கும் டிஸ்க்கில் கணினியின் நினைவை வைத்தாயிற்று.

பேஜ் ஃபைல் சி டிரைவுக்குத் திரும்பியது. ரீஸ்டார்ட். தட்டியது உடனே திரையில் விழுந்தது.

கோப்புகளை மீட்பதுதான் அவசரம். விண்டோஸின் நகலெடுக்கும் கருவியான ரோபோகாப்பியை அப்படியே ஓடவிட்டால், தோற்ற கோப்பை 10 லட்சம் முறை, ஒவ்வொரு முறைக்கும் 30 நொடி காத்திருந்து மறுபடி முயலும். அதன் இயல்பு அமைப்பு அது. இறந்துகொண்டிருக்கும் டிஸ்க்கை அதுவே கொன்றுவிடும். ஒரு முறை, ஒரு நொடி என்று குறைத்து ஓடவிட்டார். அச்சுக்குப் போக வேண்டிய நாவல் முதலில், எழுத்துருக்கள் அடுத்து, பழைய வேலைகள் கடைசியில். இரண்டு அட்டைப்படக் கோப்புகள் தவிர மற்றதெல்லாம் வெளியிலிருந்த டிஸ்க்குக்கு வந்து சேர்ந்தன.

வெள்ளி

தட்டச்சு சரியாகிவிட்டது. ஆனால் பிடிஎஃப் எடுக்கும்போது முதல் நிமிடம் வேகம், பிறகு நத்தை. இது வேறு நோய்.

ஹெச்டபிள்யூஇன்ஃபோவில் பிராசஸர் வெப்பம் 100 டிகிரி. இந்தச் சிப்புக்கு அதுதான் உச்ச எல்லை. தொட்டதும் தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைக்கும். கேபினெட்டைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தால், ஹீட் சிங்க்கின் நான்கு பிளாஸ்டிக் பின்களில் ஒன்று மேலே எழும்பி நின்றது. பக்கத்து ஸ்லாட்டில் ராமை அழுத்திச் செருகியபோது விடுபட்டிருக்க வேண்டும். பின்னைத் திருப்பிக் கழற்றினால், அடியில் பேஸ்ட் காய்ந்து சுண்ணாம்பாக உதிர்ந்தது. ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்து, புதுப் பேஸ்ட் ஒரு பட்டாணி அளவு வைத்து, எதிரெதிர் மூலைகளாக பின்களை அழுத்தினார். நான்கு முறை 'டிக்' கேட்டது. அதே பிடிஎஃப், இப்போது 68 டிகிரி.

சனி

சரிசெய்ய முடியாதவையும் உண்டு. 2018 ஜனவரியில் வெளிப்பட்ட மெல்ட்டவுன், ஸ்பெக்டர் ஓட்டைகளை அடைக்கும் திருத்தங்கள், ஹாஸ்வெல்லும் அதற்கு முந்தியதுமான சிப்களைக் கண்ணுக்குத் தெரியும்படி மெதுவாக்கலாம் என்று மைக்ரோசாஃப்டே அப்போது சொன்னது. இவருடைய நான்காம் தலைமுறைச் சிப் ஹாஸ்வெல்தான். விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்தது. விண்டோஸ் 11 கேட்பதோ எட்டாம் தலைமுறை இன்டெல்லும் டிபிஎம் 2.0வும். அதனால் இணையத்துக்கு வேறொரு லேப்டாப், இந்த டெஸ்க்டாப் பக்க வேலைக்கு மட்டும் என்று பிரித்துவிட்டார். கிராஃபிக்ஸ் கார்டு விற்பனைக்கு. அந்தக் காசில் பேக்கப்புக்கு ஒரு டிஸ்க்.

மாலையில் தம்பி வந்து, கழற்றி வைத்திருந்த டிஸ்க்கைக் கையில் எடுத்தார்.

"இதக் காயலாங்கடையில போட்டுரவாக்கா?"

"எழுத்தாளருங்க கையெழுத்துப் பிரதி பாதி அதுலதாம்பா இருக்கு. ஸ்க்ரூவைக் கழட்டி உள்ள இருக்கிற தட்டைக் கீறிட்டு அப்புறம் போடு."

தம்பி பையிலிருந்து நட்சத்திர முனை ஸ்க்ரூடிரைவரை எடுத்தார்.