மாத்லா நதிக்கரைக்கு ஒரு பயணம்

கொல்கத்தாவில் பல்லாண்டு வாழ்ந்தும் நம்மவருள் பலர் ஸியால்தா நிலையத்தின் தென்பகுதியிலிருந்து புறப்படும் சிறு ரயில்களில் ஏறியதில்லை. ஊரிலிருந்து விருந்தினர் வந்தால் காளிகட்டம், தட்சிணேசுவரம், பேலூர் மடம் ஆகியவற்றைக் காட்டி அனுப்பிவிடுகிறோம். ரயில்வேயில் குமாஸ்தாவாக இருந்தும் நானும் அவ்வாறே இருந்தேன். கானிங் பக்கம் என்னை இழுத்துச் சென்றவன் என் மைத்துனன்.

அவன் ஹௌராவில் மோட்டார் சைக்கிள் பழுதுபார்க்கும் தொழிலாளி; கைதேர்ந்தவன். கோசாபாவில் ஒருவரிடம் பழைய நீர் ஸ்கூட்டர் ஒன்று இஞ்சின் இறுகிய நிலையில் கிடப்பதாகவும், அது மலிவாகக் கிடைக்கும் என்றும் கேள்விப்பட்டான். அதில் புல்லட் மோட்டார் சைக்கிளின் இஞ்சினைப் பொருத்தி, சுற்றுலா வருவோரை ஏற்றி ஓட்டினால் பிழைத்துக்கொள்ளலாம் என்பது அவன் திட்டம். அதற்கு அறுபதாயிரம் ரூபாய் வேண்டும். கூட்டுறவுச் சங்கத்தில் என் பெயரில் கடன் எடுத்துத் தருமாறு என் மனைவி வழியாக வேண்டுகோள் வந்தது. மறுத்தால் வீட்டில் மனஸ்தாபம். கொடுத்தால் மாதந்தோறும் சம்பளத்தில் பிடித்தம். “முதலில் பொருளைப் பார்ப்போம்” என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் புறப்பட்டோம்.

ஸியால்தாவிலிருந்து கானிங் ஏறத்தாழ 45 கிலோமீட்டர். 1862-இல் திறக்கப்பட்டு, 1863-இல் கானிங் வரை முடிந்த பழம்பெரும் பாதை இது. ஹூக்ளி நதி தூர்ந்துபோகும் என்று அஞ்சிய ஆங்கிலேயர், மாத்லா நதிக்கரையில் புதுத் துறைமுகம் ஒன்றை அமைக்க எண்ணி இந்த இருப்புப் பாதையைப் போட்டனர். அப்போது கல்கத்தாவில் வாழ்ந்த ஹென்றி பிடிங்டன் என்பவர் புயல்களை ஆராய்ந்தவர். ‘சைக்ளோன்’ என்ற சொல்லை 1848-இல் வழங்கியவர். இவ்விடத்தில் துறைமுகம் வேண்டாம், புயலோடு எழும் கடலலை அதனை அழித்துவிடும் என்று அவர் 1853-இலேயே எழுதி எச்சரித்தார். கேட்பார் இல்லை. அவர் 1858-இல் காலமானார். 1867-இல் வந்த புயல் துறைமுகத்தைச் சீர்குலைத்தது. சில ஆண்டுகளில் அது கைவிடப்பட்டது. இன்று எஞ்சி நிற்பது ரயில்பாதையே. காலையில் வீட்டுவேலைக்கும் மீன் விற்பனைக்கும் நகரத்துக்கு விரையும் ஆயிரமாயிரம் ஏழைப் பெண்களை அது சுமந்து செல்கிறது.

கானிங்கில் இறங்கி, பாலத்தின் வழியாக மாத்லாவைக் கடந்து, வண்டி பிடித்துக் கோத்காளித் துறையை அடைந்தோம். எதிர்க்கரையில் கோசாபா. 1903-ஆம் ஆண்டில் ஸர் டேனியல் ஹாமில்டன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் இங்கே நிலம் பெற்றுக் கூட்டுறவு முறையில் குடியேற்றம் அமைத்தார். 1932-இல் மகாகவி தாகூர் இவ்விடத்துக்கு வந்து சென்றார். கூட்டுறவுக் கடன் என்ற கவலையைச் சுமந்துகொண்டே கூட்டுறவுக்குப் பேர்பெற்ற ஊருக்குச் சென்றதை எண்ணி எனக்குள் நகைத்துக்கொண்டேன்.

ஆற்றைக் கடக்க நாங்கள் ஏறிய படகுக்கு ‘புட்புட்டி’ என்று பெயர். வயலுக்கு நீர் இறைக்கும் டீஸல் இஞ்சினை மரப்படகில் இறக்கி, தண்டு ஒன்றை இணைத்து, அதன் முனையில் விசிறியைப் பொருத்தியிருக்கிறார்கள். அது எழுப்பும் ஓசையே அதன் பெயராயிற்று. சுந்தரவனத் தீவுகளில் பள்ளிப் பிள்ளை முதல் பிரசவத்துக்குச் செல்லும் பெண் வரை யாவருக்கும் இதுவே வாகனம்.

“பார்த்தீர்களா அத்தான்! நிலத்து இஞ்சின் நீரில் ஓடவில்லையா? நான் சொல்வது மட்டும் ஏன் நடவாது?” என்றான் மைத்துனன். எனக்கு விடை தெரியவில்லை.

கோசாபாவில் அந்த நீர் ஸ்கூட்டரைக் கண்டோம். தார்ப்பாய்க்கு அடியில் நிறம் மங்கிக் கிடந்தது. இவ்வகை வாகனத்தின் கதையையும் அன்பர்கள் அறிவது நலம். நியூஸிலாந்தின் ஆறுகள் கூழாங்கல் நிறைந்தவை, ஆழமற்றவை. விசிறி வைத்த படகு அங்கே கல்லில் மோதி முறியும். 1950-களில் வில்லியம் ஹாமில்டன் என்ற பண்ணையாளர், அடியிலிருந்து நீரை உறிஞ்சிப் பின்புறமாகப் பீறிட்டடிக்கும் படகைச் செம்மைப்படுத்தினார். முதலில் நீர் பீறிடும் வாயைத் தண்ணீருக்குள் வைத்திருந்தார். அதனை நீர்மட்டத்துக்கு மேலே வைத்ததும் வேகம் கூடியது. தோட்டக் குழாயில் நீர் பீறிடும்போது அது நம் கையைப் பின்னுக்குத் தள்ளுகிறதல்லவா, அதே தத்துவந்தான். எவரெஸ்ட் வீரர் ஹில்லாரி 1977-இல் இத்தகைய மூன்று படகுகளில் கங்காசாகரத்திலிருந்து கங்கையை எதிர்த்து நந்தப்பிரயாகை வரை சென்றார். இதே முறையில் ஒருவர் இருவர் ஏறும் சிறு வாகனத்தை எண்ணியவர் அமெரிக்க மோட்டார் சைக்கிள் பந்தய வீரர் கிளேட்டன் ஜேக்கப்ஸன், காலம் 1960-கள். ஆகவே மைத்துனனின் எண்ணத்துக்கு ஒரு பரம்பரையே உண்டு!

அவன் மூடியைத் திறந்து, குனிந்து, நாடாவால் அளந்தான். எங்களை அழைத்து வந்த முதிய மாஜியும் உடன் நின்றார். (படகோட்டியை வங்காளத்தில் அப்படித்தான் அழைப்பர்.) அவர் வங்காளியில் மெல்லச் சொன்னார்: “தம்பி, என் படகிலும் முதலில் இஞ்சினைத் தண்டோடு நேராக இணைத்தார்கள். விசிறி படகைத் தள்ளும்போது தண்டு இஞ்சினையே தள்ளியது. இரண்டே மாதத்தில் உள்ளே தேய்ந்து போயிற்று. நடுவே அந்த அழுத்தத்தைத் தாங்கும் பேரிங் வைத்த பிறகே பிழைத்தேன். அந்தப் பருவத்து வருவாய் முழுவதும் போயிற்று. என் இஞ்சின் மெதுவாகச் சுற்றுவது. ஆற்று நீரால் குளிர்வது. திறந்த படகில் காற்றோட்டமாக இருப்பது. இதுவோ மூடிய பெட்டி.”

மைத்துனன் பதில் பேசவில்லை. திரும்பும் ரயிலில் என் பையிலிருந்த பழைய படிவம் ஒன்றின் பின்புறத்தில் கணக்கிடத் தொடங்கினான். சோனார்பூர் தாண்டும்போது தாளை என்னிடம் நீட்டி, தானே விளக்கினான்.

நீர் ஸ்கூட்டரில் இஞ்சினின் கிராங்க் தண்டு நீளவாக்கில் இருந்து, நீரைத் தள்ளும் சுழலியோடு நேரே இணைகிறது. இடையே கியர் இல்லை. புல்லட்டில் அத்தண்டு குறுக்காக உள்ளது. ஆற்றல் வெளிவருவது கியர் பெட்டியின் பல்சக்கரம் வழியாக. எனவே இஞ்சினைத் திருப்பி வைக்கவேண்டும். அந்தச் சக்கரமோ கிராங்க் சுற்றும் வேகத்தில் ஏறத்தாழப் பாதியே சுற்றும். சுழலியின் வேகம் பாதியானால் தள்ளும் விசை நான்கில் ஒன்றாகும். ஆதலால் வேகத்தைக் கூட்டச் சங்கிலி வேறு வேண்டும். அடுத்தது சூடு. சாலையில் எதிர்க்காற்றால் குளிரும் இஞ்சின், மூடிய பெட்டிக்குள் வெந்துபோகும். காற்றுக்கு வழிவிட்டால் அலைநீர் புகும். உப்புநீர் இரும்பை அரிக்கும். எல்லாவற்றிலும் கொடியது பெட்ரோல் ஆவி. அது காற்றை விடக் கனமானது. அடித்தளத்தில் தேங்கி நிற்கும். ஒரு தீப்பொறி போதும்.

“செய்யவே முடியாதென்று இல்லை அத்தான். நீரால் குளிரும் இஞ்சின், தக்க பட்டறை, காற்றோட்டத்துக்கு விசிறி எல்லாம் இருந்தால் செய்யலாம். ஆனால் அறுபதாயிரத்தில் முடியாது. அதில் ஒரு குழந்தையை ஏற்றி ஓட்ட என் மனம் துணியாது” என்றான்.

அந்தத் தாள் இன்றும் என்னிடம் இருக்கிறது. கடன் கேட்டவனே கடன் வேண்டாம் என்றபோது எனக்கு மகிழ்ச்சி உண்டாகவில்லை. அவன் முகத்தைப் பார்க்க வருத்தமாகவே இருந்தது. மறுவாரம் சங்கத்தில் பன்னிரண்டாயிரம் ரூபாய் மட்டும் கடன் பெற்று அவனுக்குக் கொடுத்தேன். அதில் கருவிகள் வாங்கிக்கொண்டு, மாதம் இருமுறை கோத்காளித் துறைக்குச் சென்று புட்புட்டிகளின் இஞ்சின்களைப் பழுதுபார்த்து வருகிறான். முதல் வாடிக்கைக்காரர் அந்த முதிய மாஜியே.

அன்பர்களே, குளிர்காலத்தில் ஒரு நாள் குடும்பத்துடன் கானிங் ரயிலில் சென்று வாருங்கள். மாத்லாவின் கரையில் நிற்கும்போது பிடிங்டனை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு பேரரசு கேளாத எச்சரிக்கையை அவர் விடுத்தார். என் மைத்துனனோ ஒரு படகோட்டியின் சொல்லைக் கேட்டான்.