ஒரு தாயின் பிடிவாதம்

மறைவுக்குப் பிறகு புகழ்பெற்ற எழுத்தாளர்கள் என்றதும் பலரும் காஃப்காவைச் சொல்வார்கள். எனக்கு முதலில் நினைவுக்கு வருபவர் ஜான் கென்னடி டூல்.

அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ்காரர். 1960களின் தொடக்கத்தில் ‘எ கான்ஃபெடரசி ஆஃப் டன்சஸ்’ என்ற நாவலை எழுதினார். பெரிய பதிப்பகம் ஒன்று ஆர்வம் காட்டியது, திருத்தச் சொன்னது, கடைசிவரை வெளியிடவில்லை. 1969இல் டூல் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். வயது 31.

அதன்பின் அவருடைய அம்மா தெல்மா அந்த நாவலைப் பதிப்பகம் பதிப்பகமாக அனுப்பிப் பார்த்தார். எங்கும் எடுபடவில்லை. 1976இல், லயோலா பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்திக்கொண்டிருந்த எழுத்தாளர் வாக்கர் பெர்சியை விடாமல் துரத்திப் படிக்கவைத்தார். மை மங்கிய கார்பன் பிரதி அது. எப்படியாவது தட்டிக்கழிக்கலாம் என்று புரட்டத் தொடங்கிய பெர்சியால் பாதியில் நிறுத்த முடியவில்லை. 1980இல் லூசியானா மாநிலப் பல்கலைக்கழகப் பதிப்பகம் வெளியிட்டது. அடுத்த ஆண்டே புலிட்சர் பரிசு!

காலம் தீர்ப்புச் சொல்லும் என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். காலம் தானாக எதையும் செய்வதில்லை. எமிலி டிக்கின்சனின் கவிதைகளை வெளியே கொண்டுவர லவீனியா என்ற தங்கை வேண்டியிருந்தது. தன் கையெழுத்துப் பிரதிகளை எரித்துவிடச் சொன்ன காஃப்காவின் பேச்சை மீற மாக்ஸ் பிராட் என்ற நண்பர் வேண்டியிருந்தது. அப்படி யாரும் வாய்க்காமல் பரணிலேயே மக்கிப்போன நாவல்கள் எத்தனையோ!

உங்களுக்குத் தெரிந்தவர் யாராவது எழுதுகிறாரா? இந்த வாரமே வாங்கிப் படியுங்கள். பிடித்திருந்தால் நாலு பேரிடம் சொல்லுங்கள். முதலில் அவரிடமே சொல்லுங்கள்.