மணி எங்கே அடித்தது?

என் ஆபீஸ் மேஜையில் ஒரு டெலிபோன் இருக்கிறது. கறுப்பு நிறம், சின்னத் திரை, முப்பதுக்கும் மேற்பட்ட பட்டன்கள். அதில் எனக்குத் தெரிந்தது ரிஸீவரை எடுப்பதும் வைப்பதும்தான். வீட்டு மிக்ஸியோடு வந்த விளக்கப் புத்தகத்தையே பிரிக்காமல் அலமாரியில் போட்டு வைக்கிற ரகம் நான்; ஆபீஸ் போனுக்கா உட்கார்ந்து படிக்கப் போகிறேன்?

அந்த அலட்சியத்துக்கு விலையாக என் மாமியாரின் கை வளையல் அறுபட்டது. அந்தக் கதையைத்தான் உங்களிடம் சொல்ல வந்திருக்கிறேன்.

அத்தைக்கு 81 வயது. என் கணவருக்கு மதுரையில் வேலை. சனிக்கிழமைதான் சென்னைக்கு வருவார். பெண் கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் இருந்து படிக்கிறாள். பகல் முழுக்க வீட்டில் அத்தை மட்டும்தான். செல்போன் வாங்கிக் கொடுத்துப் பார்த்தோம். "தொட்டா எங்கேயோ போயிடுது, எனக்கு வேண்டாம்மா" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அதனால் ஹாலில் இருந்த பழைய லேண்ட்லைனை எடுக்காமல் வைத்திருந்தோம். என் செக்ஷனிலும் செல்போனை வாசலில் இருக்கும் லாக்கரில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். ஆகவே, என் மேஜைக்கு நேராக வரும் நம்பரை காலண்டர் அட்டையின் பின்பக்கத்தில் கொட்டை எழுத்தில் எழுதி, போனுக்கு மேலே சுவரில் ஒட்டினேன். நாலே நாளில் அத்தைக்கு மனப்பாடம் ஆகிவிட்டது.

தினம் பதினொரு மணிக்கு டாண் என்று போன் வரும். "டப்பாவை மறக்காம எடுத்துட்டுப் போனியா?" என்பார். "ரசம் சூடு பண்ணிக்கவா?" என்பார். பேச ஒன்றுமே இல்லாவிட்டால், "சும்மாதான்" என்று வைத்துவிடுவார்.

ஒரு நாள் ஆடிட்டுக்காகக் கான்பரன்ஸ் ஹாலில் மாலை வரை உட்கார வேண்டியிருந்தது. பக்கத்து சீட்டுப் பெண், "மேடம், உங்க போனை அந்த ஹாலுக்குத் திருப்பி விட்டுடறேன், அங்கேயே பேசிக்கலாம்" என்று ஏதோ பட்டன்களை அழுத்தினாள். நன்றாகத்தான் இருந்தது. அத்தையின் போன்கூட அங்கே வந்தது. மாலையில் ஹாலைப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போனோம். திருப்பி விட்டதை ரத்து செய்ய வேண்டும் என்று அவளுக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

மறுநாள் பதினொரு மணிக்குப் போன் வரவில்லை. 'கண் அசந்திருப்பார்' என்று நினைத்துக்கொண்டேன். வேலை மும்முரம். நானாவது ஒரு தரம் கூப்பிட்டுப் பார்த்திருக்கலாம், பார்க்கவில்லை.

அதே நேரத்தில் வீட்டில் என்ன நடந்தது தெரியுமா? பின்கட்டில் துணி துவைக்கிற கல் பக்கம் அத்தை வழுக்கி விழுந்திருக்கிறார். விழும்போது வலது கையை ஊன்றியதில் மணிக்கட்டு முறிந்துவிட்டது. எப்படியோ எழுந்து ஹாலுக்கு வந்து, இடது கையால் என் நம்பரைச் சுழற்றாத குறையாக அழுத்தியிருக்கிறார். மணி அடித்திருக்கிறது. அடித்து அடித்து நின்றிருக்கிறது. மறுபடி போட்டிருக்கிறார். நாலு தடவை.

அவர் காதில் மணி அடித்தது உண்மை. ஆனால் அடித்த இடம் பூட்டிய ஹால். என் போனோ என் முழங்கைக்கு இரண்டடி தள்ளி வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தது!

அக்கம்பக்கத்தில் எல்லோரும் வேலைக்குப் போய்விட்டார்கள். தலை சுற்றியதால் அத்தை போன் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். பன்னிரண்டரை மணிக்குக் கீரைக்காரம்மா வந்து குரல் கொடுத்த பிறகுதான் விஷயம் வெளியே தெரிந்தது. அந்தப் புண்ணியவதி ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போய், அங்கிருந்து ஆபீஸ் போர்டு நம்பருக்குப் பேசச் சொன்னாள். நான் போய்ச் சேர்ந்தபோது கை பூரி மாதிரி உப்பியிருந்தது. கல்யாணத்தில் போட்ட வளையல் சதையில் புதைந்து, கழற்ற முடியாமல் அறுத்து எடுத்திருந்தார்கள்.

கையில் அடிபட்டால் வீங்குவதற்கு முன்பே வளையலையும் மோதிரத்தையும் கழற்றிவிட வேண்டும் என்று நர்ஸ் சொன்னார். கையை ஆட்டாமல், மடித்த பேப்பரையோ அட்டையையோ அடியில் கொடுத்து, துப்பட்டாவால் கழுத்தோடு தூக்கிக் கட்ட வேண்டுமாம். எல்லாம் எனக்குத் தெரிந்ததுதான். ஒன்றரை மணி நேரம் முன்பு தெரிந்திருந்தால் நானே வந்து செய்திருப்பேன், இல்லையா?

அத்தை ஒரு வார்த்தை கடிந்து சொல்லவில்லை. "நீ வேலையா இருப்பேன்னு நினைச்சேம்மா" என்றார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

இரண்டு நாள் லீவுக்குப் பிறகு ஆபீஸ் போனதும், நேராக போர்டில் உட்காரும் ஆபரேட்டர் அக்காவிடம் போனேன். இத்தனை வருஷம் 'குட் மார்னிங்' மட்டும் சொன்னவளுக்கு, மத்தியான இடைவேளைகளில் பொறுமையாகப் பாடம் எடுத்தார் அந்த அக்கா.

"கால் பார்வர்டுங்கறது மூணு விதம்" என்றார். எல்லாப் போனையும் திருப்புவது ஒன்று. இப்படிப் போட்டால் நம் மேஜையில் மணியே அடிக்காது. நாம் பேசிக்கொண்டிருந்தால் மட்டும் திருப்புவது இன்னொன்று. சில தரம் மணி அடித்தும் எடுக்காவிட்டால் திருப்புவது மூன்றாவது. "நீ மூணாவதைப் போட்டுக்கோ. முதல்ல உன்கிட்ட அடிக்கும். நீ இல்லேன்னா என் போர்டுக்கு வரும். உன் மாமியார்னு தெரிஞ்சா நான் ஆளை அனுப்பறேன்" என்றார். இந்த யோசனை எனக்கு ஏன் முன்பே வரவில்லை!

திருப்பி விட்டிருந்தால் எங்கள் போனின் திரையில் ஒரு சின்ன அம்புக்குறி தெரியும். ரிஸீவரை எடுத்தால் டயல் டோன் ஒரே சீராக வராமல் விட்டு விட்டு வரும். அந்த அம்புக்குறி அன்று முழுவதும் என் கண்ணெதிரே இருந்திருக்கிறது. ஏதோ அலங்காரம் என்று நினைத்திருந்தேன்.

'தொந்தரவு செய்யாதே' என்று ஒரு பட்டன் உண்டு. அதைத் தெரியாமல் அழுத்தினாலும் மணி அடிக்காது. மணிச் சத்தத்துக்கும் பேச்சுச் சத்தத்துக்கும் ஒரே பட்டன்தான்: ரிஸீவர் கீழே இருக்கும்போது அழுத்தினால் மணி கூடும், குறையும், பேசும்போது அழுத்தினால் குரல் கூடும், குறையும். மேஜை துடைக்கிறவர் துணி பட்டு என் மணி முக்கால்வாசி குறைந்திருந்ததை அக்காதான் காட்டினார்.

ஹோல்டுக்கும் மியூட்டுக்கும் உள்ள வித்தியாசமும் அன்றுதான் புரிந்தது. மியூட் போட்டால் நம் குரல் அவர்களுக்குக் கேட்காது; அவர்கள் குரல் நமக்குக் கேட்கும். ஹோல்டு போட்டால் இரண்டும் கேட்காது, அந்தப் பக்கம் பாட்டு ஓடும். ஒரு தரம் அத்தையை ஹோல்டில் போட்டுவிட்டு வந்தால் லைன் கட்டாகியிருந்தது. மாலையில் கேட்டேன். "ரேடியோ ஸ்டேஷனுக்குப் போயிடுச்சுன்னு வெச்சுட்டேன்" என்றார். பெரியவர்களிடம், "ஒரு நிமிஷம் பாட்டு வரும், வெச்சுடாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போடுவது நல்லது. வேறு சீட்டுக்கு மாற்றும்போதும் அப்படித்தான். அந்தப் பக்கம் ஆள் எடுத்து, யார் பேசுகிறார்கள் என்று சொன்ன பிறகே இணைக்க வேண்டும். இல்லாவிட்டால் பேசுகிறவர் அந்தரத்தில் நிற்பார்.

அக்கா சொன்னதில் என்னைத் திடுக்கிட வைத்தது ஒன்று உண்டு. எங்கள் ஆபீஸில் வெளியே பேச முதலில் 0 போட வேண்டும். "அவசரத்துக்கு 108 போட்டா யார் எடுப்பாங்க தெரியுமா? நம்ம ஸ்டோர் ரூம்! அதோட எக்ஸ்டென்ஷன் 108" என்றார். ஆம்புலன்ஸ் வேண்டுமென்றால் 0 போட்டுப் பிறகு 108. இது சிரித்துவிட்டுப் போகிற விஷயமில்லை. அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தில் 2013-ல் ஒரு ஹோட்டல் அறையில் ஒரு பெண்மணி கணவனால் தாக்கப்பட்டபோது, அவருடைய 9 வயது மகள் அவசர எண் 911-ஐ நாலு முறை அழுத்தியிருக்கிறாள். முதலில் இன்னொரு 9 போட வேண்டும் என்று அந்தக் குழந்தைக்குத் தெரியவில்லை. தாய் இறந்துவிட்டார். அதன் பிறகு 2018-ல் அங்கே அந்தத் தாயின் பெயரால் 'கேரி சட்டம்' வந்தது. 2020 பிப்ரவரிக்குப் பிறகு வைக்கப்படும் இப்படிப்பட்ட டெலிபோன்களில் முன் எண் இல்லாமலே 911 கிடைக்க வேண்டும் என்பது சட்டம். எங்கள் ஸ்டோர் ரூமின் எண்ணை இப்போது மாற்றியாயிற்று. ஒவ்வொரு போனிலும் '0 – 108' என்று சீட்டு ஒட்டியிருக்கிறோம்.

இன்னொன்று நம் உடம்புக்கு. ரிஸீவரைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு எழுதுகிற பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. எனக்கு அதனால் வந்த கழுத்து வலிக்குத் தலையணையைக் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது எழுத வேண்டியிருந்தால் ஸ்பீக்கர் பட்டனைப் போட்டுக்கொள்கிறேன், அல்லது தலையில் மாட்டும் ஹெட்செட். ஒரே வாரத்தில் வித்தியாசம் தெரிந்தது.

இவ்வளவும் கற்றுக்கொள்ள எனக்கு எத்தனை நாள் ஆயிற்று என்கிறீர்கள்? மூன்று மத்தியான இடைவேளைகள்தான்! இப்போது காலையில் சீட்டில் உட்கார்ந்ததும் மூன்று காரியம் செய்கிறேன். திரையில் அம்புக்குறி இருக்கிறதா என்று பார்ப்பேன். ரிஸீவரை எடுத்து டோன் சீராக வருகிறதா என்று கேட்பேன். பக்கத்து சீட்டிலிருந்து என் நம்பரைப் போட்டு மணி அடிக்கிறதா என்று பார்ப்பேன். அரை நிமிஷ வேலை. நாளைக்கு நீங்களும் ஒரு தரம் செய்து பாருங்களேன். கூப்பிடுகிறவருக்குத் தன் காதில் கேட்கிற மணி மட்டும்தான் தெரியும். அது எங்கே அடிக்கிறது என்று பார்க்க வேண்டியது நாம்தான்.

ஆறு வாரத்தில் அத்தையின் கட்டைப் பிரித்தார்கள். வளையலைப் பத்தர் ஒட்டிக் கொடுத்தார். உற்றுப் பார்த்தால் கோடு தெரிகிறது. "இருந்துட்டுப் போகுது" என்று அதையே போட்டுக்கொண்டிருக்கிறார்.

தினம் பதினொரு மணிக்கு மறுபடியும் போன் வருகிறது. முதல் மணியிலேயே எடுத்துவிடுகிறேன்.

"மணி அடிச்சுதாம்மா?" என்று கேட்பார்.

"அடிச்சுது அத்தை. சொல்லுங்க."

"ஒண்ணுமில்லே, சும்மாதான்."